தாள் ஒட்டாத கதவு

செப்டம்பர் 20

அன்புள்ள ஸ்லாத்கா அக்கா,

நான் உயிரோடும் சுகத்தோடும் இருக்கிறேன். நீயும் அப்படியே இருக்க வேண்டும். அப்பா பட்டாளத்திலிருந்து எழுதிய கடிதமெல்லாம் இப்படித்தான் தொடங்கும், ஞாபகமிருக்கிறதா? அதை மாற்ற எனக்கு மனசு வரவில்லை.

போயானுக்கு இரண்டு பல் வந்துவிட்டது. மூன்றாவது வருகிறது போல, என் தோளைப் போட்டுக் கடிக்கிறான். அசெனுக்குச் சுரங்கத்தில் ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கிறது. பகலில் போயானை மாமியார் பார்த்துக்கொள்கிறார். அவன் தும்மினான் என்று அவர் சொன்னால் எனக்கு அன்றைக்கு முழுக்க வகுப்பில் வேலை ஓடுவதில்லை.

ஃபோனில் பேசலாமே என்பாய். ஃபோனில் நாம் இரண்டு பேரும் பொய்தான் சொல்கிறோம். "நல்லா இருக்கேன்." "நானும்." அதற்குள் நீ பார்த்துக்கொள்கிற கிழவர் இத்தாலிய மொழியில் கத்துவார், நீ ஓடிவிடுவாய். அதனால் இத்தாலிக்கு வருகிற சனிக்கிழமை வேனில் மிளகாய் விழுது ஜாடிகளோடு இதையும் வைக்கிறேன். ஜாடிகளைக் கழுவித் திருப்பி அனுப்பு, போன வருஷம் நான்கு குறைந்தது.

பள்ளிக்குத் திரும்பிவிட்டேன். முதல் வகுப்பு கொடுத்திருக்கிறார்கள். முதல் நாள் எல்லாரும் பூவோடு வந்தார்கள். ஒரு பையன் ஏழு டாலியா கொண்டுவந்தானாம், வழியில் ஒன்று ஒடிந்து ஆறாகிவிட்டது. அவன் அம்மா பின்னாலேயே ஓடிவந்து இன்னொன்றையும் பிடுங்கினாள்: "இரட்டைப்படையில செத்தவங்களுக்குத்தான்டா குடுப்பாங்க! டீச்சர் இன்னும் சாகலடா!" எல்லாரும் சிரித்தோம்.

உன் சிநேகிதி தெமெனுகாவின் மகள் கலினா என் வகுப்பில்தான் இருக்கிறாள். அவள் மட்டும் பூவைத் தரவில்லை. "இது எங்க அம்மாவுக்கு. உங்களுக்கு நாளைக்கு" என்றாள். அவள் அம்மா உன்னோடு இத்தாலியில் இருக்கிறாளே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வலைப்பூவை விடவில்லை. போயான் தூங்கியதும் அரை மணி நேரம் எழுதுகிறேன். அந்த அரை மணி நேரத்தில்தான் நான் யாருக்கும் டீச்சரும் இல்லை, அம்மாவும் இல்லை.

உன் இடுப்பு வலி எப்படி? கிழவரைத் தனியாகத் தூக்காதே.

உன் நெவேனா


அக்டோபர் 9

நெவே கண்ணு,

உயிரோடு இருக்கிறேன், சுகம் சுமார். நீ நன்றாக இரு. பல் வரும் பிள்ளைக்கு ரொட்டி ஓரத்தைக் கடிக்கக் கொடு, தோளைக் கொடுக்காதே.

கிழவர் மருந்துக்கடை வைத்திருந்தவர். இப்போது மாத்திரை கொடுத்தால் கரண்டியை எறிகிறார். மற்றபடி நல்ல மனுஷன்.

வியாழக்கிழமை மத்தியானம் எங்களுக்கு லீவு. இந்த ஊரில் வேலை செய்கிற நம் பெண்களெல்லாம் பூங்காவில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறிப்பார்கள். நானும் தெமெனுகாவும் நூலகத்துக்குப் போகிறோம். அங்கே கம்ப்யூட்டர் சும்மா தருவார்கள். ஒரு நாற்காலிதான் இருந்தது, இவள் போய்ச் சண்டை போட்டு இன்னொன்று வாங்கிவந்தாள். எதற்கு? உன் வலைப்பூ படிக்க.

பூ தராத பெண்ணைப் பற்றி நீ எழுதியதை நாலு தடவை படித்தாள். "பேரு போடலயேடி" என்றேன். "பேரு எதுக்கு? ஊர்ல வேற எந்தக் கழுதை டீச்சருக்கு பூ தரமாட்டேன்னு சொல்லும்? என் கழுதைதான்!" என்று மூக்கைச் சிந்தினாள். நூலகக்காரி உஷ்ஷென்றாள். இவள் அவளையும் கூப்பிட்டுத் திரையைக் காட்டினாள்.

பிள்ளையை வைத்திருக்கிற தெமெனுகாவின் அப்பா பென்கோவுக்கு ஃபோனில் பேச வராது. "சாப்பிட்டா, தூங்கினா" என்று முடித்துவிடுவார். கலினாவோ ஃபோனைக் கண்டால் ஓடுகிறாள். ஆக, மகள் எப்படிச் சிரிக்கிறாள் என்பது இவளுக்கு உன் வழியாகத்தான் தெரிகிறது. அதனால் அடிக்கடி எழுது. கொஞ்சம் சின்ன எழுத்தாக இல்லாமல் எழுது, இவளுக்குக் கண்ணாடி இல்லை.

இரண்டு ஜாடி அனுப்புகிறேன். மீதி கிழவர் வீட்டில் இருக்கிறது.

ஸ்லாத்கா


நவம்பர் 13

அன்புள்ள அக்கா,

நாங்கள் உயிரோடும் சுகத்தோடும் இருக்கிறோம். நீயும் தெமெனுகாவும் அப்படியே இருக்க வேண்டும்.

ஒரு விஷயம். தலைமையாசிரியர் வல்செவ் நேற்று கூப்பிட்டார். மேஜைமேல் என் வலைப்பூவைப் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தார். யாரோ ஒரு பையனின் அப்பா கொண்டுவந்து கொடுத்தாராம்.

"வகுப்புல ஹீட்டர் இல்லாம கோட்டு போட்டுக்கிட்டு உக்காந்திருக்கோம்னு ஊருக்கெல்லாம் சொல்லணுமா நெவேனா?"

"உக்காந்திருக்கோமே சார்." அவரே கழுத்தில் மஃப்ளர் சுற்றிக்கொண்டுதான் கேட்டார்.

"அது வேற. குழந்தை தூங்கினதும் ஒரு கிளாஸ் ஒயின் குடிக்கிறேன்னு எழுதியிருக்கே. பெத்தவங்க படிக்கிறாங்க."

"பெத்தவங்களும் குடிக்கிறாங்க சார்."

"அவங்க டீச்சர் இல்லயே! உன் துணிய உன் பால்கனியில காயப்போடு, வேணாங்கல. பள்ளிக்கூடக் கொடிக்கம்பத்துல காயப்போடாதே."

மூடிவிட வேண்டும், இல்லையென்றால் ஒழுங்கு விசாரணைக் குழுவுக்கு அனுப்புவேன் என்கிறார். வெளியே வந்து கழிப்பறையில் நின்று அழுதேன். பிறகு கோபம் வந்தது. என் வீடு, என் பிள்ளை, என் களைப்பு. இதை எழுத இவரிடம் நான் எதற்கு அனுமதி கேட்க வேண்டும்? வேலை போய்விட்டால் என்ற பயமும் இருக்கிறது. நீ சொல், மூடிவிடட்டுமா?

நான் யார் பெயரையும் எழுதுவதில்லை. பெயரில்லாமல் எழுதினால் யாருக்கு என்ன கெட்டுவிடும்?

தெமெனுகாவிடம் சொல், அவள் மகள் எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். வழக்கம்போல நான் சொல்லிக்கொடுத்தது பாதி, தெருக்கதவுகள் சொல்லிக்கொடுத்தது பாதி. நாமும் அப்படித்தானே படித்தோம்? பள்ளி விட்டுப் போகும்போது ஒவ்வொரு கதவிலும் ஒட்டியிருக்கிற அஞ்சலித் தாளைச் சத்தமாகப் படித்துக்கொண்டு போகிறார்கள். பெயர், வயசு, நாற்பதாம் நாள், ஆறாம் மாதம், ஒரு வருஷம். இந்த ஊரில் பாடப்புத்தகத்தைவிட அதுதான் அதிகம். கலினா தன் வீட்டுக் கதவில் பாட்டியின் தாளை முழுசாகப் படித்துக் காட்டினாள். பென்கோ தாத்தா ஒவ்வொரு வருஷமும் மறக்காமல் புதிசாக ஒட்டுகிறாரே, அது. "ஆழ்ந்த துயரத்துடன்" என்ற இடத்தில் மட்டும் திக்கினாள்.

நெவேனா


நவம்பர் 27

நெவே,

நான் நலம், நீயும் நலமாக இரு.

மூடாதே. இதை நான் சொல்லவில்லை, தெமெனுகா சொல்கிறாள். "அவ பிளாக்கை மூடினான்னா அடுத்த வேன்லயே ஏறி வந்து அவளுக்கும் வல்செவுக்கும் ஆளுக்கொண்ணு அறைவேன்னு எழுதுடி" என்றாள். எழுதிவிட்டேன்.

திக்கின இடத்தைக் கேட்டு ரொம்பச் சிரித்தாள். சிரித்து இருமினாள். அவள் வேலை செய்கிற வீடு ஈரம். டாக்டரிடம் போ என்றால் வியாழக்கிழமை மத்தியானம் வீணாகிவிடும் என்கிறாள்.

நூலகக்காரி இப்போது எங்களுக்காக இரண்டு நாற்காலியையும் முன்னாடியே போட்டுவைக்கிறாள்.

போயானின் காலுறைகள் உள்ளே இருக்கின்றன. பெரிதாக இருந்தால் வைத்துக்கொள், வளர்வான்.

ஸ்லாத்கா


ஜனவரி 15

நெவே,

உன் பதிலுக்குக் காத்திருக்காமல் எழுதுகிறேன்.

தெமெனுகா போய்விட்டாள். நுரையீரலில் சளி கட்டிவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதே முகம் நீலமாக இருந்தது. நான் கிழவரைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போய்ப் பார்த்தேன். என்னை அடையாளம் தெரிந்தது. "இன்னிக்கு வியாழனா?" என்று கேட்டாள். செவ்வாய். ஆமாம் என்று சொன்னேன்.

பென்கோ வேனில் வந்தார். பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, தனக்கு ஆஸ்பத்திரியில் சின்ன ஆபரேஷன் என்று சொல்லிவிட்டு வந்தாராம். இங்கேயே, பெட்டியைச் சுவருக்குள் வைத்து மூடுகிற சுவர்க் கல்லறையில் அடக்கம் செய்தோம். அந்த மனுஷன் தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டே நின்றார்.

இப்போது கவனமாகப் படி. அவர் கலினாவிடம் சொல்லப்போவதில்லை. முதல் வகுப்பு முடியட்டும், கோடையில் தூக்கிவைத்துக்கொண்டு சொல்கிறேன் என்கிறார். கதவில் தாள் ஒட்டப்போவதில்லை. நாற்பதாம் நாளுக்கும் இல்லை. "இவ இப்போ படிக்கிறாம்மா, அதான் கஷ்டம்" என்றார். பாட்டியின் பழைய தாளையும் சுரண்டி எடுத்துவிடப்போகிறாராம். தன் வீட்டுக் கதவில் சாவைப் பற்றிய எழுத்தே அவள் கண்ணில் படக்கூடாதாம்.

ஊரில் யாருக்கும் தெரியாது. இங்கே இருக்கிற நம் பெண்களிடமும் வாயைக் கட்டச் சொல்லியிருக்கிறேன். நீ அவளுடைய டீச்சர், நீ தெரிந்துகொண்டால்தான் பிள்ளையைப் பார்த்துக்கொள்வாய் என்று உனக்கு மட்டும் எழுதுகிறேன். அசெனிடம்கூடச் சொல்லாதே.

அவளுடைய கண்ணாடி நேற்றுதான் கடையிலிருந்து வந்தது.

ஸ்லாத்கா


பிப்ரவரி 22

அன்புள்ள அக்கா,

நீ உயிரோடும் சுகத்தோடும் இருக்க வேண்டும். இதை எழுதும்போது கை நின்றுவிட்டது. ஒரு மாதமாக இந்த வரிக்கு மேல் எழுத முடியாமல் கிழித்துப்போட்டிருக்கிறேன்.

யாரிடமும் சொல்லவில்லை. அசென் "ஏன்டி மூஞ்சி இப்படி இருக்கு" என்றார், விசாரணைக் குழு பயம் என்று சொல்லிவிட்டேன். அது பொய்யும் இல்லை. வலைப்பூவை மூடவில்லை, ஏப்ரலில் குழு கூடுகிறது.

தினமும் போயானைத் தள்ளுவண்டியில் வைத்து அந்தத் தெருவழியாகப் போகிறேன். தெரு முழுக்கத் தாள். மழையில் மங்கியது, புதுசு, ஒன்றின்மேல் ஒன்று. பென்கோ தாத்தாவின் கதவு மட்டும் சுரண்டிக் கழுவி மொட்டையாக நிற்கிறது. எனக்குப் பார்க்கவே முடியவில்லை, பார்க்காமலும் இருக்க முடியவில்லை. நான் போய்விட்டால் என் பிள்ளைக்கும் இப்படித்தான் ஒரு கதவைக் கழுவி வைப்பார்களா என்று நினைப்பு வந்துவிட்டது. அதிலிருந்து தூக்கம் போனது.

வகுப்பில் மார்ச் முதல் தேதிக்குச் சிவப்பும் வெள்ளையுமாக நூல் முறுக்கினோம். ஆளுக்கொன்று, வருஷம் முழுக்கச் சுகமாக இருக்கட்டும் என்று பிடித்தவர் கையில் கட்டிவிட. கலினா தன்னுடையதை என்னிடம் தந்தாள். "உங்க அக்காகிட்ட அனுப்புங்க, எங்க அம்மா கையில கட்டிவிடச் சொல்லுங்க. இறுக்கிக் கட்டக்கூடாது." கூடவே ஒரு கடிதம். கடிதம் எப்படித் தொடங்குவது என்று நான் கேட்டபோது எந்தப் பிள்ளைக்கும் தெரியவில்லை, அப்பாவின் வரியைப் பலகையில் எழுதிப்போட்டேன். அதை அப்படியே எழுதியிருக்கிறாள்: நான் உயிரோடும் சுகத்தோடும் இருக்கிறேன், நீயும் அப்படியே இரு. அதற்குக் கீழே ஒரு பூனை.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. இரண்டையும் இதோடு வைக்கிறேன்.

நெவேனா


மார்ச் 4

நெவே,

இருக்கிறேன். நீ நன்றாக இரு.

நூலைக் கல்லறைச் சுவரில், பூ வைக்கிற வளையத்தில் கட்டினேன். இறுக்கவில்லை. கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன். பக்கத்தில் பூ மாற்ற வந்த அம்மாள் நம் பாஷை தெரியாமலே சிலுவை போட்டுக்கொண்டாள். பூனையைக் கல்லறையில் இருக்கிற அவள் படத்தின் கண்ணாடிக்குப் பின்னால் சொருகியிருக்கிறேன்.

நூலகத்துக்குப் போய் ரொம்ப நாளாகிறது. அந்த இரண்டாவது நாற்காலியை எடுத்துவிடுங்கள் என்று சொல்லத்தான் ஒருநாள் போக வேண்டும். அப்போது நீ எழுதியதையெல்லாம் மொத்தமாகப் படிக்கிறேன்.

ஸ்லாத்கா


மார்ச் 18

அன்புள்ள அக்கா,

உயிரோடு இருக்கிறோம். போயானுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், இப்போது பரவாயில்லை. காதில் சீழ் என்றார் டாக்டர்.

இங்கே வெயில் வந்துவிட்டது. நாரைகள் இன்னும் வரவில்லை.

விசாரணைக்கு என்னென்ன எடுத்துப்போக வேண்டும் என்று பட்டியல் தந்திருக்கிறார்கள். சக ஆசிரியர்கள் எனக்காகக் கையெழுத்து வாங்குகிறார்கள். முன்பின் தெரியாதவர்கள்கூட எழுதுகிறார்கள், "எழுதுவதை நிறுத்தாதீர்கள், உங்களுக்குத் தைரியம் இருக்கிறது" என்று.

கலினா சில நாளாகப் பள்ளிக்கு வரவில்லை. ஜலதோஷம் என்று பென்கோ தாத்தா சொல்லியனுப்பினார்.

மார்ச் முதல் தேதி ஒன்று எழுதினேன். நீ நூலகம் போகவில்லை என்றாயே, அவசரமாகப் போக வேண்டாம். இடுப்பு சரியானபிறகு போ.

நெவேனா


ஏப்ரல் 22

அன்புள்ள அக்கா,

வேன் வந்தது. ஜாடிகள் வந்தன. எல்லா ஜாடியும், போன வருஷத்து நான்கு உட்பட. கழுவித் துடைத்து, ஒவ்வொன்றையும் செய்தித்தாளில் சுற்றியிருந்தாய். எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தேன், ஜாடிக்குள்ளும் கைவிட்டுப் பார்த்தேன். கடிதம் இல்லை. ஆக, நீ படித்துவிட்டாய்.

ஆனாலும் நான் சொல்லித்தான் ஆக வேண்டும். நீ படித்தது நான் எழுதியதை மட்டும்தான். இங்கே நடந்தது உனக்குத் தெரியாது.

என்னைப் பற்றித்தான் எழுதினேன் அக்கா. தள்ளுவண்டி தள்ளிக்கொண்டு போகிற ஒருத்தி, எல்லாக் கதவிலும் தாள் இருக்கிற தெருவில் ஒரு கதவில் மட்டும் ஒட்ட வேண்டிய தாள் இல்லாததைப் பார்க்கிறாள், உள்ளே இருக்கிற பிள்ளை இப்போதுதான் படிக்கக் கற்றிருக்கிறது, கற்றுக்கொடுத்தவள் இவளே. அவ்வளவுதான். பெயர் இல்லை, ஊர் இல்லை. கதவு நீலம், பச்சை என்று மாற்றினேன். என் மகனுக்காக நான் படுகிற பயம் அது. அன்றிரவு பல வாரத்துக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

ஊரே படித்தது. பெயர் எழுதியிருந்தால்கூடச் சிலர் யாரிது என்று கேட்டிருப்பார்கள். தாள் ஒட்டாத கதவு இந்த ஊரில் எத்தனை இருக்கிறது? தெருவுக்குப் போய்ப் பார்த்தால் முடிந்தது.

யாரும் கெட்டது நினைக்கவில்லை. அதைத்தான் என்னால் யாரிடமும் சொல்லி அழ முடியவில்லை. பென்கோ தாத்தா சொல்லவில்லை, ஆகவே நாமும் வாயைத் திறக்கக்கூடாது என்று எல்லாரும் தனித்தனியாக முடிவு செய்தார்கள். வாயைத் திறக்கவில்லை. பூ வைத்தார்கள். மார்ச் எட்டாம் தேதி, பெண்கள் தினம், எல்லார் கையிலும் பூ இருக்கிற நாள். போகிற வழியில் யாரோ முதலில் கதவுத் தாழ்ப்பாளில் சொருகிவிட்டுப் போனார்கள். அதைப் பார்த்து அடுத்தவர். மத்தியானத்துக்குள் கதவடி நிறைந்துவிட்டது. பென்கோ தாத்தா பின்கட்டில் திராட்சைக்கொடி வெட்டிக்கொண்டிருந்தார், பார்க்கவில்லை.

கலினா பள்ளி விட்டுப் போனாள். போன வேகத்தில் திரும்பி ஓடிவந்தாள். நான் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தேன்.

"டீச்சர்! எங்க அம்மா வராங்க! எங்க வீட்டு வாசல்ல எல்லாரும் பூ வெச்சிருக்காங்க!"

என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். நானும் போனேன், வேறென்ன செய்ய. வழியெல்லாம் குதித்தாள். வாசலுக்கு வந்ததும் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். துலிப், பனிப்பூ, கார்னேஷன். இரண்டு. இரண்டு. நான்கு. எல்லாம் இரட்டைப்படை. அவற்றை அப்படியே கீழே வைத்தாள்.

"டீச்சர், தாத்தா உள்ள இருக்காரா?"

கொடி வெட்டுகிற கத்தரிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. "இருக்காரும்மா" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள் அக்கா. கணக்குப் போட்டு முடித்த பிள்ளை விடை சரியா என்று பார்க்குமே, அந்தப் பார்வை.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதுதான் அவளுக்குப் பதில்.

விசாரணை போன வாரம் நடந்தது. கோட்டு, ஒயின் எல்லாவற்றையும் படித்தார்கள். மார்ச் முதல் தேதி எழுதியதைக் கேட்கவே இல்லை. நானாகத்தான் கேட்டேன். வல்செவ் கண்ணாடியைத் துடைத்தார். "அது ரொம்ப நல்லா இருந்தது நெவேனா. என் மனைவி அழுதுட்டா. அந்த மாதிரி எழுதினா யாரு வேணாங்கறா?" என்றார். அவர் மனைவியும் இரண்டு பூ வைத்திருப்பாள்.

குழு எனக்குச் சாதகமாகத் தீர்ப்பு சொல்லிவிட்டது. ஆசிரியர் தன் சொந்த நேரத்தில் தன் சொந்த வாழ்க்கையைப் பற்றி எழுதத் தடையில்லையாம். ஆசிரியர் அறையில் கை தட்டினார்கள், கேக் வெட்டினார்கள். நான் ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். தன் சொந்த வாழ்க்கை என்ற வார்த்தையையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன்.

திட்டியாவது எழுது.

நெவேனா


மே 13

நெவேனா,

உயிரோடு இருக்கிறேன்.

மார்ச் பதினைந்தாம் தேதி நூலகத்துக்குப் போனேன். நாற்காலியை எடுக்கச் சொல்லவில்லை, சும்மா உட்கார்ந்தேன். நன்றாக எழுதியிருந்தாய். முதலில் அழுதேன். பக்கத்தில் திரும்பி, "பாருடி, எப்படி எழுதியிருக்கா" என்றுகூடச் சொல்லப்போனேன். அதற்கப்புறம்தான் எதைப் படிக்கிறேன் என்று உறைத்தது.

ஜனவரியில் நான் உனக்கு எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது. பென்கோ திரும்பிப்போகிறபோது வேன் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு கேட்டார்: "டீச்சரம்மாகிட்ட சொல்லலாம்தான். ஆனா உன் தங்கச்சி எழுதறவளாமே?"

நான் சொன்னேன்: "எழுதுவா. ஆனா சொல்லமாட்டா."

அவர் ஏறிப்போனார்.

உன்மேல் கோபமா என்று கேட்காதே. தெமெனுகா இருந்திருந்தால் கோபப்பட்டிருப்பாளா, இல்லை இதையும் நாலு தடவை படித்திருப்பாளா என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். விடை கிடைக்கவில்லை. கிடைத்தபிறகு எழுதலாம் என்று இருந்தேன், அதனால்தான் ஜாடி மட்டும் வந்தது.

பிள்ளைக்குக் காது சரியாகிவிட்டதா? கலினா எப்படி இருக்கிறாள்? அதை மட்டும் எழுது.

ஸ்லாத்கா


ஜூன் 3

அன்புள்ள அக்கா,

போயானுக்குக் காது சரியாகிவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான்.

கலினா ஈஸ்டருக்குப் பிறகு பள்ளிக்கு வந்துவிட்டாள். பேசுவது குறைவு, படிப்பது அதிகம். ஒருநாள் எல்லாரும் போனபிறகு நின்றாள். "நீங்க எழுதினதைப் படிச்சேன் டீச்சர். பக்கத்து வீட்டு அக்கா ஃபோன்ல காட்டினாங்க."

நான் கையிலிருந்த சாக்பீஸைக் கீழே வைத்தேன்.

"எங்க கதவு நீலம். நீங்க பச்சைன்னு போட்டிருக்கீங்க."

"தப்பும்மா" என்றேன். வேறு என்னென்னவோ சொல்ல வேண்டியிருந்தது. அந்த ஒரு வார்த்தைதான் வந்தது. அவள் தலையாட்டிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டாள்.

முதல் வகுப்பு முடிந்தது. சான்றிதழ் கொடுத்த அன்று சாயங்காலம் பென்கோ தாத்தா தாள் ஒட்டினார், கோடையில் சொல்வேன் என்று அவர் வைத்திருந்த நாள் அது. வழக்கமான தாள்தான்: படம், பெயர், வயசு. படத்தைக் கலினா எடுத்துக்கொடுத்தாளாம். நூலகத்தில் நீ எடுத்து, அவள் அம்மா அனுப்பியிருந்தது, மூக்கைச் சிந்திக்கொண்டு சிரிக்கிற படம். அச்சுக்கடைக்காரர் வேறு படம் இல்லையா என்று கேட்டாராம்.

நான் போயானோடு எதிர்ப்பக்கம் நின்றேன். பக்கத்தில் போகத் தைரியம் இல்லை. தாத்தா என்னைப் பார்த்தார், வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. பசை வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கலினா சத்தமாகப் படித்தாள். "ஆழ்ந்த துயரத்துடன்" என்ற இடத்தில் திக்கவில்லை, அக்கா. ஒரே மூச்சில் படித்தாள், நான் கற்றுக்கொடுத்தபடி, புள்ளி வந்த இடத்தில் நிறுத்தி.

பிறகு பையிலிருந்து பென்சில் எடுத்தாள். பசை காயவில்லை, தாள் சுருங்கியது, ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு கீழே காலியாக இருந்த இடத்தில் எழுதினாள். ரொம்ப நேரம் எழுதினாள். அவள் உள்ளே போனபிறகு தெருவைக் கடந்துபோய்ப் பார்த்தேன்.

நான் உயிரோடும் சுகத்தோடும் இருக்கிறேன், நீயும் அப்படியே இரு.

வலைப்பூவை மூடவில்லை. அதில் எதுவும் எழுதவும் இல்லை. இதை உனக்கு மட்டும்தான் எழுதுகிறேன். படித்துவிட்டு, வியாழக்கிழமை அந்தச் சுவருக்குப் போனால், ஒரு தடவை சத்தமாகப் படி.

உன் நெவேனா